ஆசிட் டேங்கும் முன்பல்லும்

1. போட்டோ ஸ்டூடியோ

கம்பெனியில் எல்லாருக்கும் புது ஐடி கார்டு கொடுக்கப்போவதாகவும், ஆளுக்கொரு போட்டோ கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் மதுரை காளவாசலில் இறங்கி ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். போட்டோ எடுத்த தம்பி, “கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கக்கா” என்றார். சிரித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி, பறந்த முடியை ஒதுக்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கீழே வந்தவர் வாய்ப்பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

“அக்கா, முன்பல்லு ஓரத்துல லேசா சில்லு விட்டிருக்கு. சரி பண்ணிரவா?”

எனக்குத் தெரிந்து என் பல்லுக்கு ஒன்றும் இல்லை. வலி இல்லை, கூச்சம் இல்லை. இன்னும் பெரிசாக்கிக் காட்டச் சொன்னேன். மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு துண்டு இல்லை. அது பரவாயில்லை. பல்லின் மேல்பாதி வெள்ளையாக இருக்க, கீழ் ஓரம் மட்டும் தேய்ந்த கண்ணாடி மாதிரி சாம்பல் பூத்து, பின்னால் இருக்கும் இருட்டு தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. பக்கத்துப் பல்லும் அதே மாதிரிதான். நாக்கை வைத்துத் தடவிப் பார்த்தேன். ரம்பத்தின் வாய் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

சரிபண்ண வேண்டாம், இருக்கிறபடியே பிரிண்ட் போடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் பெயர் செல்வராணி. மேலூர் ரோட்டில் இருந்த ஒரு பிளேட்டிங் கம்பெனியில் வேலை பார்த்து அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். போல்ட், நட்டு, பிராக்கெட் என்று இரும்புச் சாமான் எது வந்தாலும் துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் ஜிங்க் முலாம் ஏற்றுவதுதான் எங்கள் தொழில். ஏற்றுவதற்கு முன்னால் ஏற்கெனவே இருக்கிற துருவை எடுக்க வேண்டும். அதற்கு ஆசிட் டேங்க். சாமானைக் கூடையில் போட்டு, ஹாய்ஸ்ட் என்கிற தூக்கு மெஷினில் தூக்கி ஆசிட்டில் முக்கி, தண்ணீரில் அலசி, பிறகுதான் ஜிங்க் டேங்குக்குக் கொண்டுபோவோம். சாமானைக் கம்பியில் மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்த நான், பிற்பாடு அந்த லைன் முழுவதற்கும் சூப்பர்வைசர் ஆனேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. டாக்டர் கேட்ட கேள்விகள்

காளவாசலிலேயே, என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியில் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். எலுமிச்சைச் சாறு தினமும் குடிப்பீர்களா, சோடா, கலர் குடிக்கிற பழக்கம் உண்டா, நெஞ்சு எரிந்து அடிக்கடி வாந்தி வருமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியாக என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு எனக்கே ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து விளக்கினார். பல்லுக்கு மேலே உறை மாதிரி இருப்பது எனாமல். வயிற்றிலிருந்து ஏறிவரும் புளிப்பால் அது கரைந்திருந்தால் பல்லின் உட்பக்கம் போயிருக்கும். எனக்கு உட்பக்கம் நன்றாக இருக்கிறது. கடைவாய்ப் பற்களும் நன்றாக இருக்கின்றன. மேல் உதடு மூடியிருக்கிற இடம் வரைக்கும் வெள்ளையாக இருக்கிறது. உதடு மூடாமல் காற்றுப்படுகிற ஓரம் மட்டும்தான் கரைந்திருக்கிறது.

“வேலை செய்யும்போது நிறையப் பேசுவீங்களாம்மா?” என்று கேட்டார்.

சூப்பர்வைசருக்கு அதுதானே வேலை. ஹாய்ஸ்ட் சத்தம், காற்று ஊதுகிற பிளோயர் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே கத்தினால்தான் ஆட்களுக்குக் கேட்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறந்துகொண்டு ஆசிட் புகையில் நின்றிருக்கிறேன். புகை கண்ணை எரிக்கும், தொண்டையைக் கரகரக்க வைக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பல்லைத் தின்னும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

உடைந்த நுனியைப் பல் நிறத்திலேயே பசை வைத்து அடைத்தார். முடித்துவிட்டு அவர் சொன்னதைத்தான் நான் மறக்கவே இல்லை. “எனாமல் நகம் மாதிரி இல்லம்மா, திரும்ப வளராது. நான் அடைச்சது நிக்கணும்னா அங்க புகை நிக்கணும்.”

3. பாக்குப் பாண்டி

மறுநாள் லைனில் நான் கூடையைப் பார்க்கவில்லை, ஆட்களின் வாயைத்தான் பார்த்தேன். மாட்டுகிற பெண்கள் தள்ளி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹாய்ஸ்ட் ஓட்டும் முருகேசன் கொட்டாவி விட்டபோது பார்த்தேன். அவனுக்கு என்னைவிட அதிகம்.

ஆசிட் டேங்கிலேயே நின்றவர் பாண்டி அண்ணன். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம், தினமும் கம்பெனி வேனில் வருவார். கம்பெனியின் முதல் டேங்கை இறக்கி வைத்த நாளிலிருந்து அங்கேயே நிற்பவர். அவருடைய முன்பற்கள் பாதிதான் இருக்கும், அதுவும் மஞ்சளும் பழுப்புமாக. பேசினால் உதட்டை இறுக்கிக்கொண்டு பேசுவார், சிரித்தால் துண்டை வாயில் வைத்துக்கொள்வார். பாக்குப் போட்டுப் போட்டுப் பல் இப்படியாகிவிட்டது என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. பாக்குப் பாண்டி என்றுதான் அவருக்குப் பெயர்.

டீ குடிக்கிற நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதைச் சொல்லி, பல்லைக் காட்டச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “நான் பாக்குப் போட்டதே இல்ல தங்கச்சி” என்றார்.

அப்புறம் தானாகவே சொன்னார். வீட்டில் அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் இதே சந்தேகம்தான். வேலைக்குப் போகிற இடத்தில் ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று நினைத்தாள். சட்டைப்பையைத் துழாவினாள். கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்த பிறகும் பல் தேய்ந்துகொண்டே போனதால், சத்தியத்தையும் மீறிவிட்டார் என்று முடிவுகட்டி அவரோடு சரியாகப் பேசுவதையே விட்டுவிட்டாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தும் நம்பாததால் அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதினியைக் கூட்டிக்கொண்டு காளவாசலுக்கு வாருங்கள் என்றேன். வரமாட்டாள் என்றார். நான் போன் போட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.

அன்றைக்கே முதலாளியையும் பார்த்தேன். அப்பா தொடங்கிய கம்பெனியை எடுத்து நடத்திக்கொண்டிருந்தவர், படித்தவர், நல்ல மாதிரி. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன்தான் ஓடுகிறதே என்றார். ஓடுவது உண்மைதான். ஆனால் அது கூரையில் இருந்தது. டேங்கிலிருந்து கிளம்புகிற புகை பக்கத்தில் நிற்பவரின் முகத்தைத் தாண்டித்தான் கூரைக்குப் போகும். டேங்கின் விளிம்பிலேயே புகையை உறிஞ்சுகிற மாதிரி சைடு எக்ஸாஸ்ட் வேண்டும் என்று கேட்டேன். உங்கள் ஒருவர் பல்லுக்காக லைனை நிறுத்த முடியாது ராணியம்மா, வேறு யாராவது குறை சொல்கிறார்களா என்று கேட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. முருகேசன் முன்பு வேலை பார்த்த யூனிட்டை, அதிகாரிகள் ஏதோ சோதனை என்று வந்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மறுபடி வேலை கிடைப்பதற்குள் அவன் பட்ட பாட்டை எல்லாருக்கும் சொல்லியிருந்தான்.

“பல்லு போனா கஞ்சியாவது குடிக்கலாம்க்கா. வேலை போனா கஞ்சிக்கு எங்க போறது? இதைக் கெளப்பிவிடாதீங்க” என்றான்.

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விடுகிற எண்ணமும் எனக்கு இல்லை.

4. பஞ்சவர்ணம்

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வந்ததே என்னைத் திட்டத்தான் என்று பிறகு சொன்னாள். தின்கிற ஆளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைத்திருக்கிறாள்.

டாக்டர், பாண்டி அண்ணனை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, பஞ்சவர்ணத்தையும் நாற்காலி பக்கத்தில் கூப்பிட்டு, கண்ணாடியை வைத்துக் காட்டினார். பாக்குப் போட்டால் கன்னத்தின் உட்பக்கத்தில் அடையாளம் இருக்கும், கடைவாய்ப் பல்லிலும் ஈறிலும் கறை இருக்கும். இவருக்குக் கன்னம் சுத்தமாக இருக்கிறது, கடைவாய்ப் பல் நன்றாக இருக்கிறது. முன்னால் புகைபட்ட பற்கள் மட்டும் எனாமல் முழுக்கக் கரைந்து உள்ளே இருக்கிற பழுப்பு தெரிகிறது, அந்த நிறத்தைத்தான் நீங்கள் கறை என்று நினைத்திருக்கிறீர்கள் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு என் பல்லையும் காட்டச் சொல்லி, இது தொடக்கம், அது முடிவு என்றார்.

பஞ்சவர்ணம் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, “நீ ஏன் அப்பவே என்னை ரெண்டு அறை அறைஞ்சு சொல்லல?” என்று கேட்டாள்.

“எத்தனை தடவ சொல்றது” என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. பஸ் ஏறப் போகும்போது அவருடைய பையை அவள் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கம்பெனி வேனிலிருந்து அண்ணனோடு அவளும் இறங்கினாள். வேனில் வருகிற வழியெல்லாம் அவளே எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மேலூர் தாண்டுவதற்குள் வேனில் இருந்த அத்தனை பேரும் செல்போன் கேமராவைத் திருப்பிவைத்து ஈயென்று பல்லைப் பார்த்திருக்கிறார்கள். முருகேசனும் பார்த்திருக்கிறான்.

முதலாளியின் கார் உள்ளே வந்ததும் பஞ்சவர்ணம் நேரே அவரிடம் போனாள். நானும் ஓடினேன்.

“சார், எம் புருசனை நான் அம்புட்டு வருசமா பொய்யன்னு சொன்னேன். அந்தாளு பொய் சொல்லல. உங்க டேங்குதான் அவரு பல்லைத் தின்னுருக்கு. போன பல்லை நான் கேக்க வரல. அங்க இன்னும் ஆளுக நிக்கிறாகல்ல, அவுகளுக்கு என்ன செய்யப் போறீகன்னு கேக்க வந்தேன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டாக்டர் சொன்னதையெல்லாம் என்னிடமும் அண்ணனிடமும் மறுபடி கேட்டார். சைடு எக்ஸாஸ்ட் போட்டுவிடுகிறேன், கையிலிருக்கும் ஆர்டரை அனுப்பியதும் வேலையைத் தொடங்கலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

5. கூடை இறங்காது

அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மாஸ்க் வந்தது. துணி மாஸ்க். கட்டிக்கொண்டு நின்றால் மதியத்துக்குள் ஈரமாகி, ஆசிட் வாடை அதிலேயே தங்கி மூக்கில் ஏறியது. ஆட்கள் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

ஆர்டர் போனது. அடுத்த ஆர்டர் வந்தது. அதுவும் அவசரம். நான் கேட்கும்போதெல்லாம் இது முடியட்டும், இது முடியட்டும் என்றார் முதலாளி. அவர் ஏமாற்றவேண்டும் என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆர்டர் என்றைக்கும் ஓயாது, அதுதான் விஷயம். வெயில் காலம் வேறு தொடங்கியது. வெயில் ஏற ஏற டேங்கில் புகையும் ஏறும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெள்ளையாக மேலே வரும்.

ஒருநாள் காலை, முதல் கூடை ஆசிட் டேங்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கச் சொல்லி நான்தான் கை காட்ட வேண்டும். காட்டவில்லை. டேங்க் விளிம்பில் எக்ஸாஸ்ட் வருகிற வரைக்கும் இங்கே கூடை இறங்காது என்று எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். இது என் முடிவு, யாராவது இறக்க நினைத்தால் இறக்கலாம், நான் தடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

எல்லாரும் முருகேசனைப் பார்த்தார்கள். ஹாய்ஸ்ட் ரிமோட் அவன் கையில் இருந்தது. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கூடையைத் தள்ளிக்கொண்டு போய்த் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ரிமோட்டை அதன்மேல் வைத்தான். என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மாட்டுகிற பெண்களில் சிலர் என்னைக் கடுகடுவென்று பார்த்தார்கள். ஜிங்க் டேங்க் ஆட்கள் இதில் நாங்கள் இல்லை என்று ஒதுங்கி நின்றார்கள். விஷயம் ஆபீசுக்குப் போய், முதலாளி வேகமாக வந்தார். அவரை அப்படிக் கோபமாக நான் பார்த்ததில்லை.

“யாரைக் கேட்டு நிப்பாட்டினீங்க?”

“யாரையும் கேக்கல சார். நீங்க இந்த எடத்துல கொஞ்சநேரம் நில்லுங்க. அப்புறம் நீங்க போடச் சொன்னாப் போடுறேன்.”

அண்ணன் நிற்கிற இடத்தைக் காட்டினேன். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதாலோ என்னவோ, போய் நின்றார். வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் அவருக்குப் பழக்கம். அங்கே நின்று பழக்கமில்லை. முதலில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தார். இருமல் வந்தது. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு மறுபடி நின்றார். தரையில் இருக்கிற கூடையை, டேங்கை, கூரையில் சுற்றுகிற ஃபேனை மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் அண்ணனைப் பார்த்து, “தினமும் இப்படித்தானாண்ணே?” என்று கேட்டார்.

“சித்திரையில இன்னும் சாஸ்தி சார்” என்றார் பாண்டி அண்ணன்.

முதலாளி டேங்கை விட்டுத் தள்ளி வந்து, அங்கே நின்றபடியே போனை எடுத்து, எக்ஸாஸ்ட் செய்து மாட்டித் தருகிற ஃபேப்ரிகேஷன் ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் கேட்கத்தான் பேசினார்.

6. அப்புறம்

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எக்ஸாஸ்ட் போட்டு முடிக்கிற வரைக்கும் லைன் நின்றது. சாமான் போகத் தாமதமானதால், வழக்கமாக எங்களிடம் வேலை தருகிற ஒரு பார்ட்டி வேறு யூனிட்டுக்குப் போய்விட்டது. ஓவர்டைம் நின்றது. அந்த மாதங்களில் என் காதுபடவே என்னைத் திட்டினார்கள். பதில் சொல்லவில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். முருகேசன் மட்டும், வேலை போய்விடும் என்று முதலில் பயந்தவன், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

டேங்கின் ரெண்டு விளிம்பிலும் புகையை உறிஞ்சுகிற வாய் வைத்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் மூடி போட்டார்கள். ஆசிட் மேலே பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டார்கள். பார்க்கக் குழந்தைகள் விளையாடுகிற தொட்டி மாதிரி இருக்கும். ஆனால் பாதிப் புகையை அதுவே அமுக்கிவிடும். துணி மாஸ்க்குக்குப் பதிலாக ஆசிட்டுக்கென்றே இருக்கிற மாஸ்க் வந்தது. ஆசிட் டேங்கில் ஒரே ஆள் நிற்காமல் மாற்றி மாற்றி நிற்க ஏற்பாடு செய்தோம். வருஷத்துக்கு ஒருமுறை லைனில் இருக்கிற எல்லாருக்கும் பல் பார்ப்பது வழக்கமானது.

பாண்டி அண்ணன் பேக்கிங்குக்கு மாறினார். அவருக்குப் பல்லுக்கு உறை போட்டுத் தருவதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதையும் நான் பலமுறை போய்க் கேட்கவேண்டியிருந்தது. கேட்டேன். உறை போட்ட புதிதில் பேச்சு குழறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாக்குப் பாண்டி என்று கூப்பிடுவது தானாக நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

எனக்கு டாக்டர் அடைத்த நுனி இன்னும் நிற்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் உடம்பில் சின்னதாக ஏதாவது மாறினால், நமக்கு வயசாகிவிட்டது, நம் பழக்கம் சரியில்லை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவருக்கும் அதே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் குறை இல்லை, நிற்கிற இடத்தின் குறை. தெரிந்த பிறகு விடாமல் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, மேலூர் பக்கம் புதிதாகப் பிளேட்டிங் தொடங்கிய ஒருவர், லைனை வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். போனேன். மேனேஜர் தம்பி வாசலிலேயே நின்று வரவேற்று, டீ சொல்லிவிட்டு, அவர்கள் போட்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு பெரிது, எங்கிருந்து வாங்கியது என்று விவரம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஃபேனைப் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

“ஃபேனை அப்புறம் பாப்போம் தம்பி. டேங்க் பக்கத்துல நிக்கிற ஆளைக் கூப்பிடுங்க. அவரு பல்லைப் பாக்கணும்” என்றேன்.